பெட்டிக்கு முன்னால் உடம்பு

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு விமானத்தில் ஊர் திரும்புகிறவர்களிடமும், அவர்களை எதிர்பார்த்து வீட்டில் இருப்பவர்களிடமும் சில விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். நானும் பல வருஷம் அப்படிப் போய் வந்தவன்தான்.

ஊருக்குக் கிளம்பும் வாரம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பெட்டி கட்டுவது, எடை பார்ப்பது, பிரித்து மறுபடியும் கட்டுவது. வேலையிடத்தில் போவதற்குள் இதை முடி, அதை ஒப்படை என்று நெருக்குவார்கள். கடைசி ஷிப்டை முடித்து, அறைக்கு வந்து குளித்துவிட்டு, தூங்காமலே விமான நிலையத்துக்குக் கிளம்புகிறவர்கள் எத்தனையோ பேர். பெட்டியைக் கவனிப்பதில் கால்வாசிகூட நாம் உடம்பைக் கவனிப்பதில்லை. என் ஆதங்கமே அதுதான்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த உயரத்தில் வெளிக்காற்றில் ஈரம் மிகமிகக் குறைவு. அதனால் உள்ளேயும் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். தொண்டை வறள்வதும் கண் எரிவதும் அதனால்தான். இதில், கழிவறைக்கு எழுந்தால் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமே என்று கூச்சப்பட்டு, வழி நெடுகத் தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கேட்டு வாங்கிக் குடியுங்கள். எழுந்து போக வேண்டியிருந்தால் இன்னும் நல்லது, கால் நடந்த மாதிரி இருக்கும்.

காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இறங்கும் நேரத்தில், கழற்றி வைத்த ஷூவுக்குள் கால் நுழையாது. நாடாவை முழுக்கத் தளர்த்தினாலும் குதிகால் வெளியிலேயே நிற்கும். மணிக்கணக்காக மடக்கி உட்கார்ந்ததால் வந்த வீக்கம் அது. இரண்டு காலும் ஒரேபோல வீங்கியிருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. ரொம்பச் சிலருக்குத்தான் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் ஊர் வந்து சில வாரம் கழித்துக்கூட வரலாம். அப்போது மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் ஒரு நிமிஷமும் தள்ளிப்போடாதீர்கள். நீண்ட நேரம் விமானத்தில் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். மருந்து, பாஸ்போர்ட், வேலைக் கணக்கு முடித்த காகிதங்கள், பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இறங்கியபின் பெட்டி வரவில்லையென்றால், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். அங்கேயே புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999-ஆம் வருஷத்து மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. அழைத்துவரப் போனால் காரை அவரிடம் ஓட்டக் கொடுக்காதீர்கள், எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டாலும் சரி. தூக்கம் கெட்ட உடம்பு அது. உடம்பின் கடிகாரம், அதாவது தூக்கமும் பசியும் வரும் நேரம், ஊர் நேரத்தை நோக்கி ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஐந்து மணி நேர வித்தியாசமுள்ள நாட்டிலிருந்து வந்தவருக்கு ஐந்து நாளாவது ஆகும். கிழக்கு நோக்கி வந்திருந்தால் இன்னும் சிரமம். நடுராத்திரியில் விழித்து உட்கார்ந்திருப்பார், சாப்பிடும் நேரத்தில் கண் சொருகும். பேச்சுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்வார். வெளிநாடு போய் மாறிவிட்டார் என்று நினைத்து மனம் நோகாதீர்கள். அப்புறம், அவர் போனபின் பிறந்த குழந்தையோ, விவரம் தெரியாத வயதில் விட்டுப்போன குழந்தையோ முதல் நாள் அவரிடம் வராது. அதைப் பிடித்துக் கையில் திணிக்காதீர்கள், இருவருக்குமே அழுகை வரும். உறவினர் வீடு, விருந்து, வங்கி வேலை எதையும் முதல் இரண்டு மூன்று நாளில் அவருக்கு வைக்காமல் இருங்கள். பகலில் கொஞ்ச நேரம் வெயிலில் நடக்கச் சொல்லுங்கள், கடிகாரம் சீக்கிரம் திரும்பும்.

நன்றி, வணக்கம்.