துகள் இருக்கட்டும், கேள்வி என்ன?

(வேலூரில் முதுகலை அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘ஒரு பயோநானோ ஆய்வாளரின் பயணம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நானோ அளவுத் துகள்களை உயிரியலுக்குப் பயன்படுத்தும் துறை அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் பாதி நேரம் குடுவை கழுவுவதிலும், மீதி நேரம் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதிலும்தான் போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குடுவை கழுவுவதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. தங்க நானோத்துகள் செய்ய 1951இல் டர்கெவிச் குழுவினர் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தங்க உப்பைக் கரைத்தால் இளமஞ்சளாக இருக்கும். அதைக் கொதிக்கவிட்டு, கலக்கிக்கொண்டே சோடியம் சிட்ரேட்டை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். மஞ்சள் மறையும். கொஞ்ச நேரம் நிறமே இருக்காது. புதிதாக வந்த மாணவர் கைகளைப் பிசைவது அப்போதுதான். பிறகு சாம்பல் கலந்த நீலம், ஊதா, கடைசியில் அருமையான சிவப்பு. துகள்கள் சுமார் 15, 20 நானோமீட்டர் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குடுவையில் பழைய தங்கமோ அழுக்கோ ஒட்டியிருந்தால் எல்லாம் கெட்டுவிடும். அதனால்தான் தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான ராஜ திராவகம் விட்டுக் கழுவுகிறோம். செய்து முடித்த சிவப்புக் கரைசலில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கண் எதிரே நீலமாகிவிடும். நம் ஊர் போர் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் அண்டவிடாததற்குக் காரணம் இதுதான்.

சரி, இந்தச் சிவப்பால் என்ன பயன்? கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும் கொரோனா காலத்துக் கிட்டுகளிலும் வரும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கம்தான். துகளின் மேல் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம், ஒட்டியிருக்கும். அது தேடிய பொருளைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் ஊர்ந்து, ஓரிடத்தில் மாட்டி நின்றால் கோடு தெரியும். ஃபாரடே 1857லேயே தங்கக் கரைசலின் இந்த நிறத்தை ஆராய்ந்து எழுதிவிட்டார். அது மருந்துக்கடைப் பட்டையாக வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

நான் படித்த காலத்தில் இப்படி ஒரு துறையே கிடையாது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, உயிரியல் பக்கம் சாய்ந்தவன் நான். டி.என்.ஏ.வைக் கட்டுமானப் பொருளாக வைத்து உருவங்கள் கட்டலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி நெட்ரியன் சீமன் 1982இல் எழுதினார். 2006இல் ராத்மண்ட் அதே டி.என்.ஏ.வை மடித்து, சிரிக்கும் முகமே செய்து காட்டினார். மறு வருஷம், 2007இல், இந்திய அரசு நானோ ஆய்வுக்கு நிதி தரும் நானோ மிஷனைத் தொடங்கியது. பணம் வந்தது. பணம் வந்ததும் எல்லாத் துறைகளும் பெயருக்கு முன்னால் ‘நானோ’ சேர்த்துக்கொண்டன.

அப்புறம் வந்தது இலை யுகம். உங்களில் பலர் செய்திருப்பீர்கள். ஏதாவது ஓர் இலையை வேகவைத்து வடிகட்டி, சில்வர் நைட்ரேட்டில் ஊற்றினால் கரைசல் பழுப்பாகும். கரைசல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யூ.வி. கருவியில் 420 நானோமீட்டர் அருகே ஒரு முகடு வரும். எண்ணைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அது வெள்ளியின் குணம். பிறகு ஈ.கோலை, ஸ்டாஃபிலோகாக்கஸ் வளர்ந்த தட்டுகளில் வைத்தால் துகளைச் சுற்றிக் கிருமி செத்த வட்டம் தெரியும். கட்டுரை ரெடி. வேம்பு, துளசி, முருங்கை எல்லாம் முடிந்தன. நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரியையாவது விட்டு வைத்திருக்கிறார்களோ என்னவோ. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பழைய செய்தி. அந்த இலை புதிதாக என்ன செய்தது? ஆடியில் பறித்த இலையும் மார்கழியில் பறித்த இலையும் ஒரே அளவுத் துகளைத் தருமா? இதைக் கேட்டால் பெரும்பாலான கட்டுரைகளில் பதில் இருக்காது. இதில் மாணவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். எண்ணினால் சுலபமாக விளைவதைத்தான் யாரும் விதைப்பார்கள்.

துகளைக் கையில் வைத்துக்கொண்டு நோயைத் தேடாதீர்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தொழுநோய் மருத்துவமனை உள்ள கரிகிரி இருக்கிறது. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாரை மாற்றித் தைத்து நிமிர்த்தலாம் என்று அறுவை மருத்துவர் பால் பிராண்ட் காட்டியது இந்த வேலூரில்தான். 1873இல் ஹான்சன் கண்டுபிடித்த அந்தக் கிருமியை இன்றுவரை எந்தத் தட்டிலும் வளர்க்க முடியவில்லை. உடம்புக்குள் புகுந்து, நோய் தெரிய சராசரியாக ஐந்து வருஷம் ஆகும்; சிலருக்கு 20 வருஷம்கூட ஆகிறது. அதற்குள் நரம்பு பாதிக்கப்பட்டால் மருந்து கிருமியைக் கொல்லும், போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் பட்டைப் பரிசோதனையும் செய்து பார்த்தார்கள். கிருமி நிறைய உள்ளவர்களிடம் கோடு வருகிறது. குறைவாக உள்ளவர்களிடம் பெரும்பாலும் வருவதில்லை. நாம் முன்கூட்டியே பிடிக்க வேண்டியது இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான். கேள்வி என்றால் இது கேள்வி. ராணிப்பேட்டை நிலத்தடி நீரில் குரோமியம் 6 என்ற நச்சு உலோக வடிவத்தைக் கிணற்றடியிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட கேள்வியைத் தொட்டால் வேலை மெதுவாகிவிடும். சுத்தமான நீரில் சொன்னபடி கேட்ட துகள், ரத்த சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், போட்டதும் மாறிவிடும். சீரத்தில் உள்ள புரதங்கள் ஓடிவந்து அதன்மேல் அப்பிக்கொள்ளும். நாம் ஒட்டிய ஆன்டிபாடி அதற்கடியில் புதைந்துபோகும். பி.எச்டி. வருஷங்கள் கரைவது இந்த இடத்தில்தான். நோயாளியின் மாதிரி வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். அகராதித் தமிழில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. ‘உங்கள் ரத்தத்தில் ஒரு ஸ்பூன் அளவு எடுப்போம், வேண்டாம் என்றாலும் உங்கள் சிகிச்சை நிற்காது’ என்று எழுத வேண்டும். இதையும் ஆராய்ச்சியில் சேர்த்துத்தான் நான் கணக்கு வைக்கிறேன்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கேட்பார்கள். 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இந்த உதவித்தொகைக்குத் தேறினால் வழிகாட்டியின் தயவில் நிற்க வேண்டியதில்லை. உதவித்தொகை மாதாமாதம் வரும் என்று மட்டும் நம்பி இருசக்கர வாகனத்துக்குத் தவணை போடாதீர்கள்.

கடைசியாக, முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி சீட்டு அனுப்பியிருக்கிறார்: “வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?” அவருடைய கட்டுரைப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம் அம்மா. முதலில் அவரிடம் படித்தவர்கள் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்து, எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், சோதனை தோற்ற நாளில் அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். ஆய்வுக்கூட நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். எல்லாப் பக்கத்திலும் சோதனை வெற்றி என்று இருந்தால் வேறு ஆய்வுக்கூடம் பாருங்கள்.