வாசலில் கிடந்த விரல்

நடுவர் அவர்களே, இரு அணியினரே, இந்தக் குளிரிலும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு டப்ளினின் மூலை முடுக்கிலிருந்து வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். அயர்லாந்துப் படங்களில் வயதான ஆணிடம் கடைசியில் மிஞ்சுவது வீம்பா, பாசமா? நான் பாசத்தின் பக்கம். நிறைய குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வார்த்தை சொன்னார், அரங்கமே கைதட்டியது. "ஐரிஷ் கிழவரிடம் பாசத்தைத் தேடிப் போனால் வாசலில் விரல்தான் கிடைக்கும்" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் குறிப்பைப் பிரிக்க முடியாது.

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. 2022இல் வந்த 'த பேன்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்'. கதை நடப்பது 1923, ஒரு தீவு. கோல்ம் என்ற வயதான பிடில்காரர் தன் நெருங்கிய நண்பன் போட்ரிக்கிடம், இனி என்னோடு பேசாதே, மீறிப் பேசினால் ஒவ்வொரு முறையும் என் விரல் ஒன்றை வெட்டிக்கொள்வேன் என்கிறார். சொன்னபடி வெட்டி, நண்பன் வீட்டுக் கதவில் வீசியும் விடுகிறார். தம்பி சொன்ன விரல் அதுதான்.

சரி தம்பி, அதே படத்தில் இன்னொரு காட்சி இருக்கிறதே. ஊர் போலீஸ்காரன் போட்ரிக்கை முகத்தில் குத்துகிறான். தரையில் கிடக்கும் அவனைத் தூக்கிவிட யார் வருகிறார்? இனி பேசாதே என்று சொன்ன அதே கோல்ம்! கைத்தாங்கலாக எழுப்பி, குதிரை வண்டியில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, தானே கடிவாளத்தைப் பிடித்து ஓட்டுகிறார். ஒரு வார்த்தை இல்லை. அடி வாங்கியபோது அழாத போட்ரிக், இவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் உடைந்து அழுகிறான். பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, இறங்கித் தன் வழியே நடக்கிறார் கோல்ம். வீம்பு மட்டுமே உள்ளவர் அந்தப் பக்கம் திரும்பியாவது பார்ப்பாரா?

பிடில் வாசிப்பவர் தன் விரலையே ஏன் வெட்டுகிறார்? அதையும் படம் சொல்கிறது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியார் அவரிடம், அந்த விரக்தி இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்பது போல! வயது ஏறுகிறது, காலம் கையை விட்டுப் போகிறது, தன் பேர் சொல்ல ஒரு மெட்டு கூட மிஞ்சாதே என்ற பயம். கடைசியில் போட்ரிக் அவர் வீட்டையே கொளுத்திவிடுகிறான். ஆனால் கொளுத்தும் முன் அவருடைய நாயை வெளியே கொண்டுவந்து காப்பாற்றுகிறான். கடற்கரையில் கோல்ம் கேட்பதும் வீட்டுக்குக் கணக்கு இல்லை. நாயைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்கிறார். வாசலில் விரல் மட்டுமா தம்பி கிடைத்தது?

உங்கள் அணித் தலைவி 'த ஃபீல்ட்' படத்து புல் மெக்கேபைக் கொண்டுவந்தார். 1990இல் ரிச்சர்ட் ஹாரிஸ் நடித்தது. ஒரு துண்டு நிலத்துக்காகக் கொலை செய்தவர் என்றார். உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்துக்கு உரமாக அவரும் மகனும் கடற்பாசியைக் கூடையில் முதுகில் சுமந்து மலையேறுவதை விட்டுவிட்டீர்களே அக்கா. மகன் செத்தபிறகு அந்தக் கிழவர் கடலில் இறங்கிக் கம்பால் அலையை அடிக்கிறாரே, ஜெயிக்கவா அடிக்கிறார்?

இந்தக் கிழவர்களுக்கு ஏன் வாயில் வார்த்தை வரவில்லை என்றால் அதற்கு மண்ணிலேயே காரணம் இருக்கிறது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் பத்து லட்சம் உயிரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நிலத்தைத் துண்டு போடப் பயந்து ஒரே மகனுக்கு விட்டார்கள். அப்பா கொடுக்கும்வரை அந்த மகனுக்கு நிலமும் இல்லை, கல்யாணமும் இல்லை. 1930களில் கிளேர் மாவட்டத்துக் கிராமங்களில் ஆய்வு செய்த அமெரிக்கர்கள் எழுதியிருக்கிறார்கள், நாற்பத்தைந்து வயதுக்காரரையும் ஊர் 'பாய்', அதாவது பையன் என்றுதான் கூப்பிட்டதாம். பையனாகவே இருந்து நேரே கிழவனானவனுக்கு மனசில் உள்ளதைச் சொல்ல யார் பழக்கிக் கொடுத்தது?

இப்போது ஒரு கதை. 1998இல் வந்த 'வேக்கிங் நெட்'. இயக்கியவர் ஆங்கிலேயர், எடுத்தது மேன் தீவில், ஆனால் கதை முழுக்க ஒரு ஐரிஷ் கிராமம். ஊரில் மொத்தம் 52 பேர். நெட் என்பவருக்கு லாட்டரியில் கிட்டத்தட்ட 70 லட்சம் பவுண்டு விழுகிறது. அந்த அதிர்ச்சியிலேயே ஆள் போய்விடுகிறார்! கையில் சீட்டு, முகத்தில் சிரிப்பு. ஜாக்கி, மைக்கேல் என்று இரண்டு கிழவர்கள், உயிருக்கு உயிரான சிநேகம். மைக்கேலை நெட்டாக நடிக்க வைத்துப் பணத்தை வாங்கி ஊரே பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். லாட்டரி அதிகாரி வருகிறார் என்றதும், கடலில் குளித்துக்கொண்டிருந்த மைக்கேல், ஹெல்மெட்டைத் தவிர உடம்பில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் பறப்பார் பாருங்கள். எழுபதை நெருங்கிய மனிதர் ஐயா! நண்பன் சொன்னான் என்பதற்காக மானத்தை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு போகிறார்.

சிரித்தீர்கள் இல்லையா? இப்போது தேவாலயத்துக்குள் வாருங்கள். நெட்டின் சவப்பெட்டி முன்னால் இருக்கிறது. ஜாக்கி எழுந்து நிற்கிறார், நெட்டைப் பற்றி வாயைத் திறக்கப் போகிறார். கதவு திறக்கிறது. உள்ளே வருவது யார்? அதே அதிகாரி! நெட் செத்துவிட்டார் என்று தெரிந்தால் கதை கந்தல். ஊரே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. ஜாக்கி ஒரு கணம் யோசிக்கிறார். பிறகு செத்தது மைக்கேல் என்பது போல மைக்கேலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். அந்த மைக்கேல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்! இவர் எனக்குப் பெரிய நண்பர், ஆனால் இதை ஒருநாளும் அவரிடம் நான் சொன்னதாக நினைவில்லை என்கிறார் ஜாக்கி. மைக்கேலின் கண் நிறைகிறது.

திருப்பிச் சொல்கிறேன், அவசரப்படாமல் கேளுங்கள். வாழ்நாள் முழுக்கக் கூட இருந்தவன். அவன் செத்துவிட்டதாகப் பொய் சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தை வருகிறது. அந்த வாய்ப்பு 70 லட்சம் பவுண்டை விடப் பெரிய பரிசு என்றுதான் அந்தக் கிழவரின் கண் சொல்கிறது.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஐயா, இன்னும் ஒன்றே ஒன்று.

நான் இந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே ஒரு தாத்தா, விவசாயி, கல்யாணம் ஆகாதவர். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு இல்லை. புதன்கிழமைதோறும் இன்னொரு தாத்தா அவரைப் பார்க்க வருவார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி தோளோடு தோளாக உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் மாட்டுச் சந்தை விலை சொல்வார், மழையைப் பற்றிச் சொல்வார், அப்புறம் மௌனம். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, "மைண்ட் யுவர்செல்ஃப்", உடம்பைப் பார்த்துக்கொள் என்று தொப்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கையைப் பிடித்து ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று நினைத்தேன்.

கிராமத்துச் சாலையில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க மாட்டார். ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார். அதுதான் இங்கே வணக்கம், நலமா, எல்லாம்.

ஒரு புதன்கிழமை மருந்து கொடுக்கப் போனேன். நண்பரின் கார் ஜன்னலுக்குக் கீழே திரும்பிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியின் கைப்பிடியை ஸ்டீயரிங் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார் என் தாத்தா. அந்தக் கை அசைந்து நான் பார்த்ததே இல்லை. நெற்றியில் வேர்வை. மெல்ல, மெல்ல, ஆள்காட்டி விரல் எழுந்தது.

கீழே பார்த்தேன். கார் நின்றுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால், ஸ்டீயரிங்கின் மேல், இன்னொரு விரல் எழுந்து நின்றது. இவர் விரலை இறக்கும்வரை அந்தக் கார் நகரவில்லை.