மான் தின்ட கணக்கு

போன கிழமை திருகோணமலையில ஒரு பள்ளிக்கூட விழாவில கதைச்சது. கேட்டவைக்கும், பின்வரிசையில இருந்து போன் பார்த்தவைக்கும் சேர்த்து டைப் பண்ணிப் போடுறன்.

தலைமை தாங்குற அதிபர் அவர்களே, பிரதம விருந்தினரா வந்திருக்கிற வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆசியுரை தந்த குருக்கள் ஐயா, ஃபாதர், மௌலவி, பௌத்த பன்சலையில இருந்து வந்த ஹாமதுரு, பழைய மாணவர் சங்கத்துப் பெரியவங்களே, வெயிலுக்குள்ள ஓட்டோ பிடிச்சு வந்த அம்மாமாரே, யாருடைய பேரும் விட்டுப்போனா மன்னிக்க வேணும், போன வருசம் ஒராளை விட்டுட்டன், அவர் இன்னும் என்னோட கதைக்கிறதில்லை. பூச்செண்டு தந்த பிள்ளைக்கும் நன்றி. பூ நல்ல பூ. சுத்தியிருக்கிற பொலித்தீனைப் பத்திப் பிறகு கதைப்பம்.

இண்டைக்கு மூண்டு விசயம் கதைக்கப் போறன். ஒண்டு, வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களோட கூட்டுச் சேருறது. ரெண்டு, பிள்ளையளுடைய சாப்பாடு. மூண்டு, நம்ம கடல்ல இருக்கிற புறாமலைத் தீவுப் பவளப்பாறை.

வெளிநாட்டுக் கூட்டு என்டதும் நம்ம ஆக்கள் முதல்ல கேக்கிறது "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போவினமா?" என்டுதான். இல்லை ஐயா. 1992ல ரியோவில பூமி மாநாடு நடந்து, அதுக்குப் பிறகு 1994ல ஈகோ ஸ்கூல்ஸ் என்டு பல நாட்டுப் பள்ளிக்கூடங்கள் சேருற ஒரு சுற்றாடல் திட்டம் வந்திச்சு. அதில முதல் படி பிள்ளையளே ஒரு கமிட்டி போடுறது. ரெண்டாவது படி, உங்கட பள்ளிக்கூடத்தில எவ்வளவு குப்பை, எவ்வளவு தண்ணி, எவ்வளவு கரண்ட் போகுது என்டு நீங்களே போய்ப் பார்த்து எழுதுறது. மரம் நடுறது, பதாகை கட்டுறது எல்லாம் அதுக்குப் பிறகுதான். நாங்க தலைகீழா, முதல்ல பதாகை. என்ட அம்மம்மா ஒரு ரியோவும் காணாதவ, அவ சொல்லுவா, "ஆத்தில போட்டாலும் அளந்து போடு" என்டு.

ஒரு கதை சொல்லுறன். எந்தப் பள்ளிக்கூடம் என்டு கேக்காதீங்கோ. இங்கிலாந்தில ஒரு பள்ளிக்கூடத்தோட கூட்டு, ரெண்டு பக்கமும் ஏழாம் வகுப்பு. ஒரு கிழமைக் குப்பையைச் சேர்த்து நிறுத்து, வெள்ளிக்கிழமை சூம்ல சொல்ல வேணும். நமக்குப் பள்ளிக்கூடம் விடுற ஒண்டரை மணி, அவங்களுக்குக் காலமை எட்டு. நம்ம பிள்ளையள் மீன்காரர் ஒராளிட்டத் தொங்கு தராசு கடன் வாங்கி, சோறு கட்டுற பொலித்தீன் லஞ்ச் ஷீட், யோகட் கப், தண்ணிப் போத்தல் எல்லாத்தையும் ரெண்டு யூரியா பேக்ல சேர்த்து, வியாழன் பின்னேரம் விறாந்தைத் தூணில கட்டிட்டுப் போயிட்டுதுகள்.

நம்ம ஊர் மானைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோட்டைக்குள்ள நிக்கிறது, பஸ் ஸ்டாண்டில நிக்கிறது, கோணேசர் கோயிலுக்குப் போறவங்கட கையில வாழைப்பழம் இருந்தா ஆளையே இழுக்கிறது. இரவு மதில் இடிஞ்ச பக்கத்தால வந்திருக்குகள். சம்பல் மணம். பேக்கைக் கிழிச்சு, லஞ்ச் ஷீட்டோட தின்டுட்டுப் போயிட்டுதுகள். வெள்ளி காலமை வந்து பார்த்தா விறாந்தை முழுக்கப் போத்தல் உருளுது, லஞ்ச் ஷீட் பாதிக்கு மேல இல்லை. ரீச்சர் பாவம், பன்னிரண்டு மணிக்கு என்ன செய்யிறது, "அஞ்சு கிலோ என்டு போடுங்கோ" என்டுட்டா. கொப்பி வைச்சிருந்த சின்னப் பிள்ளை மாட்டன் என்டுட்டுது. அது எழுதினது இதுதான்: "மிச்சம் 2 கிலோ 300 கிராம். மான் தின்டது, தெரியாது."

சூம்ல அதை வாசிச்சவுடன அந்தப் பக்கம் குளிர்ச் சட்டையோட இருந்த பிள்ளையள் "மானா, மானா!" என்டு ஒரே சத்தம், நம்ம பிள்ளையளுக்கும் பெருமை. பிறகு ஒரு பிள்ளை கேட்டுது, இப்ப அந்த மான் எப்படி இருக்கு என்டு. நம்ம பக்கம் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அடுத்த கிழமை எட்டுப் பிள்ளையள் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வந்திச்சு. மிச்சப் பேர் கொண்டு வரேல்ல, அதையும் சொல்லத்தான் வேணும். லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பர்லயே தடை வந்திட்டுது, நான் இண்டைக்கு வரேக்க கடையில தொங்கிக்கொண்டிருக்கு.

ஆத்தில போட்டாலும் அளந்து போடு. சீனிக்கும் இதுதான். 2016ல இருந்து சோடாப் போத்தல்ல கலர் வட்டம் இருக்கு, சீனி நல்லாக் கூட என்டா சிவப்பு. லேபிள்ல 100 மில்லிக்கு 10 கிராம் என்டு இருந்தா 400 மில்லிப் போத்தலுக்கு 40 கிராம், பத்துத் தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள நிண்டா நல்லம் என்டுது. வீட்டில பத்துக் கரண்டி சீனி போட்டு பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊத்துவீங்களா அம்மா?

ஏன் சோடா குடிக்குது? தாகம். கன்டீன் பக்கத்தில, குழாய் தூரத்தில, கிட்டப் போனாலும் பிடி உடைஞ்சிருக்கும், பாசி பிடிச்சிருக்கும். கந்தளாய்க் குளத்துத் தண்ணியைப் பைப் போட்டு இவ்வளவு தூரம் கொண்டு வந்து, கடைசி மூண்டு அடியில விட்டுட்டம். என்னைத் தெரிஞ்சவைக்குத் தெரியும், நான் எங்க தொடங்கினாலும் குழாயிலதான் வந்து முடிப்பன், சிரியுங்கோ பரவாயில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு நல்ல குழாய் ஆறு, ஒரு ஃபில்டர், மாசத்துக்கு ஒருக்கா கழுவ ஒராள். இது இருந்தா சோடாவும் குறையும், போத்தலும் குறையும். இது இல்லாம வெளிநாட்டுக்கு ஃபைல் அனுப்பி விருது எடுத்து அதிபர் அறையில மாட்டினா, அதைப் பார்த்துப் பிள்ளைக்குத் தாகம் அடங்குமா? இந்த மேடையில பிரமுகர்களுக்கு வைச்ச பிளாஸ்டிக் போத்தல் பதினொண்டு. எண்ணிப்போட்டுத்தான் எழும்பினன்.

துண்டு வந்திட்டுது, நேரம் முடிஞ்சுதாம். புறாமலைக்குப் போக முடியேல்ல, அடுத்த முறை கூப்பிட்டா கூட்டிக்கொண்டு போறன். வாசல் மேசையில ஒரு கொப்பி இருக்கு, குழாய் வேலைக்கு உதவக் கூடியவை, பிளம்பர் வேலை தெரிஞ்ச அப்பாமார் முக்கியமா, பேரும் போன் நம்பரும் எழுதிட்டுப் போங்கோ. பேனை கட்டி வைச்சிருக்கு, கொண்டு போயிடாதீங்கோ. வணக்கம்.