நீலகிரித் தைலம்: வடிப்பதும் சோதிப்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் பலரும் யூகலிப்டஸ் தைலம் வாங்கி வருகிறார்கள். மூடியைத் திறந்து முகர்ந்து, "காரமா இருக்கு, நல்ல தைலம்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கலப்படக்காரருக்கு அதுதான் வசதி. தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோலின் நெடி மிகவும் பலமானது. கணிசமாக வேறு எண்ணெய் கலந்தாலும் மூக்கு ஏமாந்துபோகும்.

நீலகிரியில் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் குளோபுலஸ், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 1843-இல் இந்த மலைக்கு வந்தது. சமவெளியில் காகிதக் கூழுக்காக வளர்க்கும் தைல மரம் வேறு இனம், அதில் எண்ணெய் குறைவு. எலுமிச்சை மணம் வீசும் இன்னொரு வகையில் இருப்பது சிட்ரோனெல்லால். அதை மருந்துத் தைலத்தோடு சேர்க்கக் கூடாது.

இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியதுபோலப் புள்ளிகள் தெரியும். எண்ணெய் இருப்பது அந்தப் பைகளில்தான். பறித்த இலையை நிழலில் ஒரு நாள் பரப்பி வாடவிடலாம். குவித்துப் போட்டால் உள்ளே சூடேறி அழுகத் தொடங்கும், மணமும் கெடும். தடித்த குச்சிகளில் எண்ணெய் கிடையாது. இடத்தையும் விறகையும் தின்பதோடு சரி.

இலையிலிருந்து தைலத்தைப் பிரிப்பது நீராவிதான். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சினியோலின் கொதிநிலையோ 176 டிகிரி. பிறகு எப்படி அது ஆவியாகிறது? தண்ணீரும் எண்ணெயும் கலக்காதவை. இரண்டின் ஆவி அழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் இரண்டும் சேர்ந்தே எழும்பும்.

இலையைத் தண்ணீரில் முக்கிக் காய்ச்சினால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை ஏறும். துளைத்தட்டு போட்டு, தண்ணீருக்கு மேலே இலையை அடுக்குவது நல்லது. ஓரத்தில் சந்து விட்டால் நீராவி அந்த வழியே ஓடிவிடும், நடுவிலுள்ள இலை வெந்தும் வேகாமலும் கிடக்கும். அதனால் ஒரே சீராக மிதித்து அடுக்க வேண்டும்.

அதிக நஷ்டம் வருவது, ஆவியைக் குளிர்வித்து மறுபடி நீர்மமாக்கும் சுருள் குழாயில்தான். அந்தக் குழாய் மூழ்கியிருக்கும் தொட்டிக்குள் குளிர்ந்த நீர் கீழிருந்து நுழைந்து மேலே வழிய வேண்டும். குழாய் முனையில் சொட்டும் நீர் கைக்கு வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால், அடுப்பைத் தணியுங்கள் அல்லது தண்ணீரைக் கூட்டுங்கள். கொட்டகை முழுக்க மணக்கிறது என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. மணப்பது காற்றில் போகும் காசு.

வடிந்ததில் எண்ணெய் மேலே மிதக்கும், அடியிலுள்ள வளைகுழாய் வழியே நீர் வெளியேறும். உயரத்திலிருந்து வேகமாக விழுந்தால் எண்ணெயும் நீரும் பால்போலக் கலங்கிப் பிரியாமல் நிற்கும்; வடிவதை வாங்கும் புனலின் காம்பை நீட்டி விட்டால் போதும். சினியோலின் பெரும்பகுதி முதலிலேயே வந்துவிடும். நேரம் போகப்போக வருவது கனமான பொருள்கள்: அளவு கூடும், சினியோல் சதவீதம் குறையும். 100 கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தைலம் கிடைத்தால் திருப்திப்படலாம். இரும்புப் பாத்திரம் என்றால் தைலம் பழுப்பேறும். துருப்பிடிக்காத எஃகு நல்லது.

இனி சோதனை. இலையில் எவ்வளவு எண்ணெய் என்று அறிய கிளெவெஞ்சர் கருவி இருக்கிறது. 100 கிராம் இலையை ஒரு லிட்டர் நீரோடு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு, அளவுக்குழாயில் சேர்ந்த எண்ணெயைப் படிக்கலாம். உலர் எடைக்குக் கணக்கிட ஈரப்பதம் வேண்டும். அதற்கு இலையை 105 டிகிரி அடுப்பில் வைக்கிறார்கள். அங்கே தண்ணீரோடு எண்ணெயும் பறந்துபோகிறது, ஈரம் கூடுதலாகத் தெரிகிறது! நீரோடு கலக்காத டொலுயீன் என்ற கரைப்பானைச் சேர்த்து நீரை மட்டும் வடித்து அளப்பதே சரி.

வாங்கிய தைலத்துக்கு எளிய வழிகள் உண்டு. தாளில் ஒரு சொட்டு விடுங்கள். காய்ந்த பிறகும் எண்ணெய்க்கறை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. மண்ணெண்ணெயை இது பிடிக்காது, எடை பிடிக்கும். 10 மில்லி நல்ல தைலம் 9.1 முதல் 9.2 கிராம் வரை இருக்கும், மண்ணெண்ணெய் 8 கிராம்தான். அடுத்து, ஒரு பங்கு தைலத்தில் 70 சதவீத ஆல்கஹால் ஐந்து பங்கு ஊற்றுங்கள். தெளிவாகக் கரைய வேண்டும். கலங்கினால் கனிம எண்ணெயோ டர்ப்பண்டைனோ இருக்கலாம். சுத்திகரிக்காத தைலமும் சில நேரம் கலங்கும் என்பதால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள்.

கடைசித் தீர்ப்பு, தைலத்தை ஆவியாக்கிக் குழல் வழியே ஓட்டி அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவியுடையது. அதிலும் ஒரு வம்பு: சாதாரணமாகப் பயன்படும், முனைவற்ற (மின்முனைத் தன்மை இல்லாத) பூச்சுள்ள குழலில், தைலத்திலுள்ள இன்னொரு பொருளான லிமோனீனும் சினியோலும் ஒட்டி வரும். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் சினியோல் அளவு பொய்யாகக் கூடும். மருந்துத் தரத்துக்கு 70 சதவீதம் வேண்டும் என்பதால், விளிம்பில் நிற்கும் தைலத்தை முனைவுள்ள குழலிலும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

தைலத்தை நிறக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே பிள்ளைக்கு வலிப்பு வரக்கூடும். கைக்குழந்தையின் மூக்கருகே தடவவே வேண்டாம்.

வணக்கம்.