பலகாரம், பாட்டு, பனை
(எங்கள் ஊர் சமய நல்லிணக்க கிறிஸ்துமஸ் விழாவில், டிசம்பர் முதல் வாரம் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் நம் திருச்சபைச் சேகர குரு ஐயா அவர்களே, பக்கத்து ஊரிலிருந்து அன்போடு வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் பாய் அவர்களே, அம்மன் கோயில் தர்மகர்த்தா அண்ணாச்சி அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் என் செல்லக் குழந்தைகளே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்குவதற்கு முன் சிலருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். பாய் வீட்டிலிருந்து ஒவ்வொரு ரமலானுக்கும் எங்கள் தெருவுக்கு நோன்புக் கஞ்சி வருகிறது. தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தாலே மனது நிறையும். தர்மகர்த்தா அண்ணாச்சி போன வருடம் மார்கழி பஜனையையும் வீடு வீடாகப் போய்ப் பாடும் நம் கேரல் ரவுண்ட்ஸையும் ஒரே தெருவில் மோதாமல் நடத்திக் கொடுத்தார்கள். பஜனைக் கோஷ்டிக்கு நம் வீட்டில் சுக்குக்காப்பி, கேரல் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டில் சுண்டல். ஊராட்சித் தலைவர் அம்மா, தெருவிளக்கு எரியவில்லை என்று நான் சொன்ன மறுநாளே ஆள் அனுப்பினார்கள். சிஸ்டர் அவர்கள் பள்ளிக்கூடப் பெஞ்சுகளைக் கொடுத்திருக்கிறார்கள். மைக் செட் தம்பி காசே வாங்க மாட்டேன் என்கிறார். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

"வீட்டிலேயே கிறிஸ்துமஸ்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பண்டிகையை எப்படித் தயாரிப்பது என்று பேச வேண்டுமாம். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். பலகாரம், பாட்டு, பனை. அதற்கு முன் ஒரு பழமொழி. உங்களுக்குத் தெரிந்ததுதான்: "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்." சாவைப் பற்றி நல்ல நாளில் பேசலாமா என்று யாரும் சங்கடப்பட வேண்டாம். பேரப்பிள்ளைகளைப் பற்றிய பழமொழி அது.

முதலில் பலகாரம். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்து. எங்கள் ஆச்சி காலத்திலிருந்து பக்குவம் மாறவில்லை. பாசிப்பயறைச் சிவக்க வறுத்துத் திரித்துக்கொள்ள வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்து, எள், ஏலக்காய், சுக்கு சேர்த்து, கருப்பட்டிப் பாகைச் சூடாக ஊற்றிக் கிளற வேண்டும். பாகை வடிகட்டாமல் ஊற்றக் கூடாது. கருப்பட்டியில் மண் இருக்கும், பல்லில் நறநறவென்று படும். கை பொறுக்கிற சூட்டிலேயே உருண்டை பிடிக்க வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். உருண்டையை ராத்திரி முழுக்க இறுக விட்டு, மறுநாள் மஞ்சள்பொடி போட்ட அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விட்டால் கொத்தாக வேகும். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பிள்ளைகளை விடக் கூடாது, அது பெரியவர்கள் வேலை. ஆனால் உருண்டை பிடிப்பது பிள்ளைகள் வேலைதான். பெரியவர்கள் பிடித்தால் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிடும், உள்ளே வேகாது. நாலு வயதுப் பிள்ளையின் உள்ளங்கை இருக்கிறதே, அதுதான் முந்திரிக்கொத்துக்குச் சரியான அளவு. பாதி வாய்க்குள் போகும். போகட்டும், விடுங்கள்.

இப்போது கடையில் பெட்டி பெட்டியாக முந்திரிக்கொத்து விற்கிறது. வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிற தாய்மாருக்கு மார்கழிக் குளிரில் அடுப்படியில் நின்று சாகச் சொல்வது நியாயமில்லை. நான் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று: ஏதாவது ஒரு பலகாரம், ஒன்றே ஒன்று, பிள்ளைகள் கை பட்டதாக வீட்டில் இருக்கட்டும். அதற்குரிய கருப்பட்டி நல்ல கருப்பட்டியாக இருக்கட்டும். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் எல்லாருக்கும் பெருமை. அதே வேளையில் சீனியைக் கலந்து காய்ச்சி, கருப்பட்டி என்று பெயர் வைத்து விற்பதும் நம் பக்கத்தில்தான் நடக்கிறது. பதநீர் இறங்குகிற மாதங்களிலேயே தெரிந்த பனையேறி வீட்டில் சொல்லிவைத்து வாங்கிப் பானையில் போட்டு மூடி வைத்தால் டிசம்பருக்குக் கவலையில்லை. எங்கள் ஆச்சி அப்படித்தான் செய்வார்கள்.

அப்புறம் நட்சத்திரம். மூங்கில் சிம்பு பத்து, ஒரே நீளத்தில். ஐந்து ஐந்தாக வைத்துக் கட்டி இரண்டு நட்சத்திரம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைக் கட்டிவிட்டு, நடுவே ஐந்து சின்னக் குச்சிகளை முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பிய நட்சத்திரம் எழுந்து நிற்கும். பிள்ளைகள் மைதா பசை காய்ச்சி வண்ணத்தாள் ஒட்டுவார்கள். தாள் சுருங்கி ஒட்டும், மூக்கிலும் கன்னத்திலும் பசை இருக்கும். மின்விளக்கை உள்ளே வைத்து வாசலில் ஏற்றும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். கடையில் வாங்கித் தொங்கவிடும் பிளாஸ்டிக் நட்சத்திரத்துக்கு அந்த முகம் வராது.

இந்த இடத்தில் ஒரு நடந்த கதை சொல்கிறேன். இதைச் சொல்லாமல் என்னை மேடையை விட்டு இறங்க விடமாட்டேன் என்று பேத்தி மிரட்டியிருக்கிறாள்.

போன வருடம் விடுமுறைக்கு மகள் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். திண்ணையில் குடில் கட்டினோம். 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ், வைக்கோல் பரப்பி உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார் என்பதைப் பங்குத்தந்தை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எங்கள் திண்ணையில் மாடு, கழுதை எல்லாம் களிமண். பிள்ளைகளே பிசைந்தது. கழுதைக்குக் காது மூன்று. குடிலைச் சுற்றி வயல் வேண்டுமே? டிசம்பர் பாதியில் கேழ்வரகை ஊறவைத்துத் தட்டுகளில் மண் நிரப்பித் தூவிவிட்டோம். பேத்தி தினம் காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் போய்ப் பார்ப்பாள். "தாத்தா, மொளச்சிட்டு!" 24-ஆம் தேதி விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேல் என்று நின்றது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் கொடுக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், அத்தை வீட்டு வெள்ளாடு திண்ணையில் நிற்கிறது. இரண்டு முன்னங்காலும் பெத்லகேமில். ஞானிகள் மூன்று பேரும் குப்புறக் கிடக்கிறார்கள். வயலில் ஒரு தாள் மிச்சம் இல்லை. தட்டை நக்கிக்கொண்டிருக்கிறது. பேத்தி ஓவென்று அழ, சத்தம் கேட்டு அத்தை விளக்குமாறோடு ஓடி வந்தாள். "ஏட்டி, அழாத மக்களே! இந்தச் சனியனை இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்திருதேன்" என்று கையை ஓங்கினாள். சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. ஆட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கேட்டானே ஒரு கேள்வி: "அத்தை, இது மாட்டுத் தொழுவம்னு நீங்கதான சொன்னீங்க? அப்பம் ஆடு இங்க வராம எங்க போகும்?"

அத்தை விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள். ஆட்டுக்குத் திண்ணையிலேயே இடம் கிடைத்தது.

சரி, வயலுக்கு என்ன செய்வது? இருட்டிவிட்டது. எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். ஆயுசு முழுக்கப் பனையேறியாக இருந்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார். ஒன்றும் பேசவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். அங்கே ஒரு வடலி, அதாவது இளம்பனை, நிற்கிறது. கைக்கெட்டும் உயரம்தான். ஒரு குருத்தை வெட்டிக்கொண்டு வந்து, ஈர்க்கைக் கிழித்து, ஓலையை நூல் நூலாக வகிர்ந்து, "இந்தா மக்கா, நடுங்க" என்று பிள்ளைகள் கையில் கொடுத்தார். குருத்தோலை இளமஞ்சளாகத்தானே இருக்கும்? பச்சை வயல் போன இடத்தில் அரை மணி நேரத்தில் விளைந்து நின்ற வயல் வந்துவிட்டது! அதோடு விட்டாரா? ஓலையை மடித்து ஒரு கிளி, ஆட்டினால் சத்தம் போடும் ஒரு கிலுக்கு, ஐந்து முனை நட்சத்திரம். கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டே விரலை ஓட்டுகிறார், நட்சத்திரம் விழுகிறது. தெருப் பிள்ளைகள் எல்லாம் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை ஆராதனைக்குப் போகும்போது எந்தப் பிள்ளையும் புதுச்சட்டையைப் பற்றிப் பேசவில்லை. கையில் கிலுக்கு. பிரசங்கத்தின் நடுவிலும் கிலுக்கு. சேகர குரு ஐயா பொறுத்துக்கொண்டார்கள்.

அன்று இரவு அண்ணாச்சியிடம் கேட்டேன், "இந்த வடலியை யார் வச்சது?" என்று. "எங்கப்பா வீசிட்டுப் போன கொட்டையா இருக்கும்" என்றார். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்! அவர் அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை. என் பேத்திதான் அதன் ஓலையில் வயல் நட்டாள்.

அண்ணாச்சிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில். பிழைக்கப் போனதில் தவறில்லை. பனையேற்றம் உயிரைப் பணயம் வைக்கிற வேலை, அதற்குத் தக்க கூலியும் மரியாதையும் நாம் கொடுத்ததில்லை. ஆனால் அவர் விரலில் இருக்கிற அந்த மடிப்பு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

நம் பக்கத்துக் கிறிஸ்துமஸ் பனைக்குக் கீழே வளர்ந்தது, ஐயா. ஆதி ஜெபவீடுகள் பலவும் ஓலைக் கூரை போட்டவை. மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841-இல் இடையன்குடிக்கு வந்தபோது சுற்றிலும் செம்மணல் தேரியும் பனையும்தான். குருத்தோலை ஞாயிறுக்குப் பனங்குருத்து, பலகாரத்துக்குக் கருப்பட்டி, கொடுத்தனுப்ப ஓலைக்கொட்டான் என்ற சின்ன ஓலைப்பெட்டி. மணப்பாட்டில் இன்றும் பெண்கள் ஓலைப்பெட்டி முடைகிறார்கள், வெளிநாட்டுக்குப் போகிறது. நாமோ பலகாரத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-இலேயே தமிழ்நாட்டில் தடை வந்துவிட்டது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு இந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு ஓலைக்கொட்டானில் பலகாரம் கொடுத்தால் போதும், முடைகிறவர் வீட்டிலும் பண்டிகை நடக்கும்.

பனை நம் மாநில மரம். ஆனாலும் செங்கல் சூளைக்கு விறகாகப் போன பனைகளுக்குக் கணக்கே இல்லை. 2021-இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அனுமதி இருக்கிறதா என்று கேட்க ஊரில் ஆள் வேண்டுமே? லாரியில் பனந்தடி போகும்போது நம்மில் எத்தனை பேர் நிறுத்திக் கேட்டிருக்கிறோம்? தலைவர் அம்மா அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்: நம் ஊராட்சி எல்லைக்குள் நிற்கிற பனைகளை எண்ணி நம்பர் போட்டுவிடுங்கள். எண்ணுகிற வேலையைப் பள்ளிப் பிள்ளைகளும் நாங்களும் செய்து தருகிறோம், சிஸ்டரும் தலையசைக்கிறார்கள்.

பாட்டைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். மணி அடிக்கிறார்கள். பாடகர் குழு அடுத்துப் பாடவே போகிறது, அதைவிட நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்?

பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்கிறார்கள். கொட்டை முளைத்து மரமாகிப் பதநீர் தரப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது ஆகும். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற மரம் இல்லை. இன்று பாயில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளைகளுக்கு அது கல்யாண வயதில் பலன் தரும். எனக்கு இல்லை, எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.

மண்டபத்துக்குப் பின்பக்கம் இரண்டு சாக்கில் பனங்கொட்டை வைத்திருக்கிறோம். புரட்டாசியில் பொறுக்கிச் சேர்த்தது. மழை ஈரம் போவதற்குள் ஊன்றிவிட வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரிய குளத்துக் கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஓரடி ஆழம், பத்தடி இடைவெளி. கடப்பாரை நாங்கள் கொண்டுவருகிறோம். தண்ணீர் பாட்டில் மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். குளக்கரைக்கு அனுமதி தலைவர் அம்மா கொடுத்துவிட்டார்கள். சேகர குரு ஐயாவிடம் ஒரு விண்ணப்பம்: ஓய்வுநாள் பள்ளியில் மாதம் ஒரு வகுப்பை ஓலை மடிப்புக்கு ஒதுக்குங்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி சொல்லித்தரச் சம்மதித்துவிட்டார். அவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், கூச்சப்படுகிறார். எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்கள். அவருக்குச் சால்வை போட ஜமாஅத் தலைவர் பாய் அவர்களை அன்போடு அழைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.