ஏப்ரலில் கொடுக்க வேண்டிய தாள்

நேயர்களுக்கு வணக்கம். நூற்பாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கூடுதலாகப் பிடித்த வருமான வரி திரும்பி வருகிறதே, அந்த ரீபண்ட் சீக்கிரம் வர என்ன வழி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் ரீபண்டே வராதபடி பார்த்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது என் கட்சி.

ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்தாலும் வட்டிக் கணக்குப் பார்க்கிற ஊர் நமது. இங்கேதான் ஒரு வருஷத்துக்கு மேல் பணத்தை அரசாங்கத்திடம் விட்டுவைத்துவிட்டு, திரும்பி வந்ததும் போனஸ் வந்த மாதிரி எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுக்கிறார்கள்!

போன ஜனவரியில் திருமங்கலத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் வந்தார். பே சிலிப்பை நீட்டி, "அண்ணே, மாசம் பதினோராயிரம் பிடிக்கிறாங்க. சரியான்னு பாருங்க" என்றார். வருஷச் சம்பளம் 12,50,000. பார்த்தால், ஏப்ரலில் அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் பழக்கதோஷத்தில் 'பழைய முறை' என்று டிக் அடித்திருக்கிறார். வரி கணக்கிட பழையது, புதியது என்று இரண்டு முறை உண்டு, நாம்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய முறையில், சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 50,000, பி.எப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கழித்தாலும் வரி 1,32,600. புதிய முறையில் நிலைக்கழிவே 75,000. கழித்தால் 11,75,000. 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வரி கிடையாது. ஆக, அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். கவனியுங்கள், பூஜ்யம்.

அலுவலகத்தில் கேட்டதற்கு, வருஷ நடுவில் மாற்ற மாட்டோம், வருஷம் முடிந்து வருமான வரிக் கணக்குக் கொடுக்கிற ரிட்டர்னில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். சம்பளக்காரர் கெடுவுக்குள் ரிட்டர்ன் போடும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம், பணம் போகாது. ஆனால் கேளுங்கள். இதே மனிதர் ஜூன் மாதம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக வளையலை அடகு வைத்திருக்கிறார்! தன் பணம் வட்டியில்லாமல் ஒரு பக்கம், நகைக்கடனுக்கு வட்டி இன்னொரு பக்கம்.

ரீபண்டுக்கு வட்டி உண்டே என்பீர்கள். உண்டு, மாதத்துக்கு அரை சதவீதம். அதுவும் நிதியாண்டு முடிந்து, ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான். ஆகஸ்டில் பணம் வந்தால் அவருக்கு வட்டி 3,315 ரூபாய். அந்த வட்டியும் வருமானக் கணக்கில் சேரும். முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு பைசா கிடையாது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறுகிற சமயத்தில் அலுவலகம் கேட்கிற தாளைக் கணக்குப் போட்டுப் பார்த்துக் கொடுங்கள். பழைய முறைதான் லாபம் என்றால் வீட்டு வாடகை, வீட்டுக்கடன் வட்டி எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். வேலை மாறியவர்கள் பழைய முதலாளி கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் புது இடத்தில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு இடத்திலும் கழிவு கொடுத்து, கடைசியில் கையிலிருந்து கட்ட நேரும்.

சரி, ரீபண்டுக்கு வருகிறேன். ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட்டுவிட அவசரப்படாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரியின் கணக்கைக் கொடுக்க முதலாளிக்கு மே 31 வரை நேரம். பாரம் 16 என்று சொல்லிப் பழகிய, முதலாளி தரும் சம்பள-வரிச் சான்றிதழ் ஜூன் 15க்குள் வரும். அதையும், 26ஏஎஸ் என்று சொல்லிப் பழகிய, உங்கள் பெயரில் பிடித்த வரியை வருமான வரித்துறை காட்டும் படிவத்தையும் ஒப்பிட்டுவிட்டு ஜூன் கடைசியில் போட்டால், ஜூலை 31 நெருக்கடியில் மாட்ட மாட்டீர்கள். போட்ட கையோடு ஆதார் ஓடிபி கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள். முப்பது நாள் தாண்டினால் சரிபார்த்த நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாள் என்று ஆகும். அது ஜூலை 31க்குப் பிந்தினால் தாமதமாகப் போட்ட கணக்காகிவிடும்.

அப்புறம் இந்த இனிஷியல் தொல்லை. பேன் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து இருக்கும். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு அங்கேதான் இடறும், ரீபண்ட் நிற்கும். இதற்காக மதுரை பீபிகுளம் வருமான வரி அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். ரிட்டர்னைப் பரிசீலிப்பது பெங்களூரு மையம். வங்கியில் பெயரைத் திருத்திக்கொண்டு, இணையதளத்தில் மறுபடி சரிபார்க்கக் கொடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பெரியவர்களுக்கென்று நிறைய வைத்திருந்தேன், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள், 15எச் என்று சொல்லிப் பழகிய அந்த உறுதிமொழியை ஏப்ரலிலேயே வங்கியில் கொடுத்துவிடுங்கள். டெபாசிட் வட்டியில் பிடிக்க மாட்டார்கள். வருஷா வருஷம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக. வணக்கம்.