கறுப்புச் சேற்றுக்குள் நடக்கிற வேலை

வணக்கம் நேயர்களே. கடலில் கொட்டிய எண்ணெயைக் கரைச் சேற்றுக்குள் தின்கிற பாக்டீரியாவைப் பற்றி இன்று பேசுகிறேன். நான் மலேசியாவில் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் தண்ணீர் வற்றியதும் பாட்டியோடு கடலோரச் சேற்றுத் திட்டுக்குக் கெராங் சிப்பி பொறுக்கப் போவேன். பாட்டி விரலில் ஒரு வெள்ளி மோதிரம். சேற்றில் கைவிட்டுத் துழாவிவிட்டு எழுந்தால் அது கறுத்துப்போயிருக்கும், வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டுத் தேய்ப்பார். கையில் அழுகின முட்டை வாடை வேறு.

அது ஏன் என்று நுண்ணுயிரியல் படித்தபோதுதான் புரிந்தது. அந்த மாதிரிச் சேற்றில் மேலே சில மில்லிமீட்டருக்குத்தான் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக, கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டை (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்தது) வைத்துச் சுவாசிக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது, பஞ்சமே இல்லை. அவை வெளியே விடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த வாடை. அதுதான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது, மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து சேற்றையும் கறுப்பாக்குகிறது.

சரி, கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் அங்கே போய்ப் படிந்தால் என்ன ஆகும்? நம் செம்பனை ஆலைக் கழிவுக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள், காற்றே இல்லாத ஆழத்தில் பாக்டீரியா வேலை செய்து மீத்தேன் குமிழி குமிழியாக மேலே வரும். ஆனால் செம்பனை எண்ணெயின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, கடிக்க ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. பெட்ரோலியத்தில் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான், பாசி பிடித்த பாறை மாதிரி எங்கே கை வைத்தாலும் வழுக்கும். காற்றுள்ள இடத்தில் பாக்டீரியா ஆக்சிஜனையே அதில் பொருத்தி உடைத்துவிடும். காற்றில்லாமல் அதை உடைக்கவே முடியாது என்றுதான் நீண்டகாலம் பலர் நினைத்தார்கள். 1991இல் ஜெர்மனியில் விட்டெல் (Widdel) என்ற விஞ்ஞானியின் குழு, பெட்ரோலியத்தில் இருக்கிற, பதினாறு கார்பன் கொண்ட ஹெக்சாடெக்கேனைச் சல்பேட்டின் துணையோடு மட்டுமே தின்கிற ஒரு பாக்டீரியாவைக் காட்டியது. அப்புறம் எத்தனையோ வகைகள் கிடைத்தன. அவற்றில் பல, ஃபியூமரேட் என்ற சின்ன அமிலத்தை எண்ணெய் மூலக்கூறோடு ஒட்டவைக்கின்றன. வழுக்குகிற பானைக்குக் காது வைத்துத் தூக்குவது போலத்தான் இது, எனக்கு இன்றும் இதை நினைத்தால் சிலிர்க்கும்.

ஆனால் மெதுவாகத்தான் நடக்கும், மிக மெதுவாக. நேரான சங்கிலி மூலக்கூறுகள் முதலில் போகும், கிளைவிட்டவையும் வளையங்கள் பின்னியவையும் கிடந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் மேற்கு ஃபால்மவுத் கரையில் 1969இல் ஒரு படகிலிருந்து கொட்டிய எண்ணெய், முப்பது ஆண்டுகள் கழித்தும் சதுப்பு மண்ணில் சில அங்குல ஆழத்தில் இருந்தது.

அதனால் நம் கரையில் என்றாவது எண்ணெய் ஒதுங்கினால், உதவி செய்கிறோம் என்று கூட்டமாகப் பாக்காவ் (அலையாத்தி) மரச் சேற்றில் இறங்கிவிடாதீர்கள். மேலே கிடக்கிற எண்ணெயை அலையும் காற்றும் ஆக்சிஜன் பாக்டீரியாவும் பார்த்துக்கொள்ள வழியுண்டு. நாம் வைக்கிற ஒவ்வொரு காலடியும் அதை அந்தக் கறுப்பு அடுக்குக்குள் மிதித்து இறக்கிவிடும். போகத்தான் வேண்டும் என்றால் பலகை போட்டு அதன் மேல் நடங்கள்.